இரண்டு மணி நேரக் குயவர்கள்

மயிலாப்பூரில் மாதாந்திரக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அழைப்பிதழில் வியட்நாம் என்று போட்டிருப்பதைப் பார்த்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை மடக்கி, "என்ன சார், டூர் கம்பெனி ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் விட்டதிலிருந்து, மாம்பலத்திலும் அடையாறிலும் தெருவுக்கு ஒரு குடும்பமாவது வியட்நாம் போய்வந்த கதை சொல்கிறது. அவர்கள் காட்டும் கைபேசிப் படங்களில் ஒன்று மட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊரில் ஒரு நீள மேசை, மேசைக்குப் பின்னால் நம் மாமி, மாமி கையில் அவரே செய்த பட்டு விளக்கு, முகமெல்லாம் பெருமை. இன்றைய பேச்சு அந்தப் படத்தைப் பற்றித்தான்.

ஹோய் ஆன் சின்ன ஊர். சீனரும் ஜப்பானியரும் ஐரோப்பியரும் கப்பலில் வந்து இறங்கிய இடம். 1999ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிறகு அங்கே பெருகிய தொழில்களில் ஒன்று, வருகிறவர்களைக் கைத்தொழில் செய்யவைத்து அனுப்புவது. விளக்கு செய்யலாம். பக்கத்தில் 'தான் ஹா' என்ற குயவர் ஊரில் ஒரு பெண் நின்றபடி காலால் சக்கரத்தை உதைத்துச் சுழற்ற, இன்னொருவர் உட்கார்ந்து வனைவதைப் பார்க்கலாம், நாமும் கை வைக்கலாம். ஹுவே நகரத்தில் பனையோலைக் கூம்புத் தொப்பி தைக்கலாம். ஹனோய்க்கு அருகே பாட் சாங்கில் பீங்கான் கிண்ணத்துக்குச் சாயம் தீட்டலாம். ஒவ்வொன்றும் அரை நாளுக்குள் முடியும், கையில் ஒரு பொருளோடு திரும்பலாம்.

அந்த விளக்குப் பட்டறையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மாமி மேசைக்கு வரும்போது மூங்கில் சட்டம் தயாராக இருக்கிறது. அந்த மூங்கிலை யாரோ வெட்டி, நாள்கணக்கில் ஊறப்போட்டு, பூச்சி அரிக்காதபடி பதம் செய்து, காயவைத்து, ஒரே கனத்தில் சீவி, குடை மடங்குவதைப் போல் மடங்கும்படி வளையத்தில் கோத்து வைத்திருக்கிறார்கள். மாமி பட்டுத் துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பசை தடவுகிறார். சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுகிறார். ஓரத்தைக் கத்தரிக்கிறார். கீழே குஞ்சம் கட்டுகிறார். விளக்கு ரெடி. தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியில் வெங்காயம் முதல் வதக்கிய மசாலா வரை தட்டுத்தட்டாகத் தயாராக இருக்குமே, அந்த வசதிதான் இதுவும்.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் ஒட்டியிருக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பயணிகளுக்கான பயிற்சிப் பட்டறை எந்த நாட்டில் நடந்தாலும், எந்தக் கைத்தொழிலாக இருந்தாலும், ஒரே வேலையைச் செய்கிறது. அந்தத் தொழிலில் எந்தப் படி சுத்தமானதோ, எந்தப் படி படத்தில் அழகாக விழுமோ, அந்த நடுப்படியை மட்டும் வெட்டி எடுத்து நம் கையில் கொடுக்கிறது. முன்னால் உள்ள சேறும், பின்னால் உள்ள நெருப்பும் மேசைக்கு வருவதில்லை. கைவினைஞரின் அறிவு பெரும்பாலும் அந்தச் சேற்றிலும் நெருப்பிலும்தான் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரத்தில் இது நம் ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு இங்கே பலர் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். டெபோரா தியாகராஜன் 1984ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். 1996 டிசம்பரில் தட்சிணசித்ரா திறந்தது. கட்டட வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை உண்டு. செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிப் பக்கத்து அக்கிரகார வீடு, கேரளத்து வீடுகள் என்று தென்னாட்டு வீடுகளை அங்கங்கே பிரித்து எடுத்துவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இடிபட்டுப் போயிருக்க வேண்டிய தூண்களும் கதவுகளும் பிழைத்தன. அதற்கு இந்த ஊர் நன்றி சொல்ல வேண்டும். அங்கே ஒரு குயவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பார். பிள்ளை எதிரே குத்துக்காலிடும். அவர் பிள்ளையின் கை மேல் தன் கையை வைப்பார். மண் எழும்பும், அகல் விளக்கு ஒன்றோ சின்னக் கிண்ணம் ஒன்றோ பிறக்கும். அப்பா படம் எடுப்பார்.

அங்கே பிள்ளை பார்க்காமல் வருவது எது? முதலில் மண். ஏரி மண் எல்லாம் பானைக்கு ஆகாது. எந்த ஏரியில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மாதத்தில் எடுத்தால் பிடிக்கும் என்பது ஒரு கல்வி. அதை உலர்த்தி, கல் பொறுக்கி, கரைத்து வடிகட்டி, மணலோ சாம்பலோ அளவாகச் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். அந்த மிதியில்தான் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். ஒரு குமிழி மிஞ்சினால் பானையின் சுவர் அந்த இடத்தில் பலவீனமாகிவிடும்.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியம். நம் ஊர்ச் சமையல் பானை சக்கரத்தில் முழுசாக உருவாவதில்லை. சக்கரத்திலிருந்து இறங்கும்போது அதற்கு அடிப்பாகமே கிடையாது. வாயும் கழுத்தும் கனத்த சுவரும் மட்டும் இருக்கும். கொஞ்சம் காய்ந்த பிறகு உள்ளே ஒரு கல்லை வைத்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, அந்தக் கனத்த சுவரை மெல்லிசாக்கி, உருட்டி, அடியை மூடுகிறார்கள். நம் பானையின் வயிறு உருண்டையாகவும், அடி மெல்லியதாகவும், அடுப்பில் சீக்கிரம் சூடேறுவதாகவும் இருப்பதற்கு இந்தத் தட்டல்தான் காரணம். பல குடும்பங்களில் இதைச் செய்வது பெண்கள். சக்கரத்தில் ஆண் உட்கார்ந்திருக்கும் காட்சிதான் படத்தில் விழுகிறது. தட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் யாரும் "அக்கா, ஒரு நிமிஷம் நான் தட்டட்டுமா?" என்று கேட்பதில்லை. கேட்டாலும் பாதி தட்டிய பானையை யாரும் நம் கையில் தரமாட்டார்கள். ஒரு தட்டு பிசகினால் இரண்டு நாள் வேலை போச்சு.

மூன்றாவது சூளை. அதற்கு ஒரு இரவு வேண்டும், விறகு வேண்டும், வைக்கோல் வேண்டும், அக்கம்பக்கத்தார் புகையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுற்றுலாக்காரரின் நேரத்துக்குள் அடங்காது.

வியட்நாமிலேயே இதற்கு நேரெதிரான ஊர் ஒன்று இருக்கிறது. தென்கடலோரத்தில் சாம் மக்கள் வாழும் பாவ் சுக். மி சோன் என்ற இடத்தில் சிவனுக்குக் கோயில் கட்டினார்களே, நம் இந்தியத் தொல்லியல் துறை போய்ச் சீரமைத்துக்கொண்டிருந்தபோது 2020ல் ஒற்றைக்கல் லிங்கம் கிடைத்ததே, அந்தச் சாம் மக்கள்தான். பாவ் சுக்கில் சக்கரமே இல்லை. மண்ணை ஒரு மேடை மேல் வைத்துவிட்டுப் பெண் அதைச் சுற்றிப் பின்னோக்கி நடக்கிறாள். சக்கரம் செய்யும் வேலையை அவள் இடுப்பும் காலும் செய்கின்றன. சூளையும் கிடையாது. வெட்டவெளியில் வைக்கோலும் விறகும் போட்டுச் சுட்டு, சூட்டோடு தாவரச் சாறு தெளித்து நிறம் ஏற்றுகிறார்கள். மண் மிதிப்பதிலிருந்து நெருப்பு வரை எல்லாம் ஒரே முற்றத்தில் கண்ணெதிரே நடக்கிறது. மறைப்பதற்கு அங்கே சுவரே இல்லை. அதனால் அது கொழிக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2022ல் யுனெஸ்கோ இந்தக் கலையை அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. முழுசாகக் காட்டிவிட்டால் கலை பிழைத்துவிடும் என்று நான் வாதாடவில்லை. அவ்வளவு எளிதாக இருந்தால் இந்தச் சொற்பொழிவுக்கே அவசியமிருக்காது.

அடையாறுக்கு வருவோம். ருக்மிணி தேவி 1936ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். நடனம் என்றே நமக்கு நினைவு. அடுத்த வருஷமே அங்கே தறியும் வந்துவிட்டது. நடனத்துக்கு உடுத்தும் புடவையும் நல்ல மரபில் இருக்க வேண்டும் என்பது அம்மையாரின் பிடிவாதம். அகலக் கரையும் கோயில் வடிவங்களும் கொண்ட அந்தப் புடவைகளைக் கலாக்ஷேத்ரா புடவை என்றே நம் வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். பிறகு கமலாதேவி சட்டோபாத்யாயின் ஆதரவோடு இயற்கைச் சாயத்தில் கலம்காரிப் பிரிவும் அங்கே வந்தது. திருவான்மியூரில் அந்தக் கூடத்தின் வாசலில் நின்றாலே வாசனை வரும். கடுக்காயின் துவர்ப்பும் புளித்த வெல்லமும் கலந்த வாசனை.

கலம்காரியில் பயணிக்குக் கொடுக்கும் நடுப்படி எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். கலம் பிடித்து வரைவது. மூங்கில் குச்சி, நுனி கூர், கொஞ்சம் மேலே துணியோ கம்பளியோ சுற்றிய குமிழ். அதை அழுத்தினால் சாயம் இறங்கும். வரைவது ஆனந்தம். ஆனால் அந்தத் துணி மேசைக்கு வருவதற்கு முன்னால் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறியிருக்கிறது. பாலின் கொழுப்பு இருப்பதால்தான் மை பரவாமல் கோடு கோடாக நிற்கிறது. அந்தக் கறுப்பு மை துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் புளிக்கவிட்டு எடுத்தது. குச்சியிலிருந்து இறங்கும்போது வெளிறிப்போய் இருக்கும், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். சிவப்பு இன்னும் தந்திரமானது. சிவப்பு வேண்டிய இடத்தில் வெறும் படிகார நீரைத்தான் தீட்டுவார்கள். பிறகு துணி முழுவதையும் சாயவேரோடு கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், படாத இடம் துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும். வரைகிறவர் வரையும்போது நிறத்தைப் பார்ப்பதே இல்லை. வரப்போகும் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு நிறமில்லாத நீரால் எழுதுகிறார். இதை இரண்டு மணி நேரத்தில் எப்படிச் சொல்லித்தருவது?

முழுசாகக் கற்றுக்கொள்ள ஒருவர் முயன்று பார்த்தார். ஒருவரல்ல, இரண்டு பேர். சோழமண்டலக் கடற்கரையில் கைத்தொழில் கற்க வந்த பழைய வெளிநாட்டுப் பயணிகள் என்று அவர்களைச் சொல்லலாம், வந்த நோக்கம் வேறாக இருந்தாலும்.

அப்போது நம் பக்கத்துத் துணிக்கு ஐரோப்பாவில் பைத்தியம் பிடித்திருந்தது. துவைத்தால் சாயம் போகாத பருத்தியை இந்தத் தரத்தில் செய்ய அங்கே தெரிந்திருக்கவில்லை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686லேயே இந்த வண்ணத் துணிகளுக்குத் தடை போட்டது. அது 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் தன் பங்குக்கு 1721ல் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. தடை இருந்தால் என்ன, ரகசியத்தைத் தெரிந்துகொள்ளத் தடையில்லையே. 1734 வாக்கில் போல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரரைத் தன் கண்ணெதிரே ஒரு துணியைத் தீட்டச் சொன்னார். பாரிசில் து ஃபே என்ற வேதியியல் அறிஞர் கேட்டுக்கொண்டதால் செய்தது. ஒவ்வொரு படி முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, நடந்ததை எழுதி, பக்கத்தில் இணைத்துவைத்தார். அந்தக் குறிப்பேடும் துண்டுகளும் இன்றும் பாரிசில் இருக்கின்றன. இங்கே சென்னையில் ஏறக்குறைய அதே காலத்தில், 1734ல்தான், நெசவாளர்களைக் குடியமர்த்திச் சிந்தாதிரிப்பேட்டையைக் கும்பினியார் உண்டாக்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இந்த ஊரின் பிழைப்பே துணிதான்.

இன்னொருவர் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று பிற்காலத்தில் எழுதியவரும் அவர்தான். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் சாயத் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களை ஓய்வு நேரத்தில் உட்காரவைத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்து, 1742ல் ஒரு நீண்ட கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் எல்லாம் அதில் இருக்கிறது. 1760ல், அதாவது பிரான்சில் தடை நீங்கிய மறு வருஷம், ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்கு அருகே ழூயி என்ற ஊரில் பருத்தி அச்சுத் தொழிற்சாலை தொடங்கிவிட்டார். இந்த இரண்டு பேரால்தான் நம் தொழில் போயிற்று என்று சொன்னால் அது மேடைப் பேச்சு ஆகிவிடும். இயந்திரம் வந்தது, வரி வந்தது, ஆட்சி வந்தது, எல்லாம் சேர்ந்துதான் போயிற்று.

ஆனாலும் இந்த முரணை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. ரசிக்க வந்த பயணிக்கு நடுப்படி மட்டும் கிடைக்கிறது. களவாட வந்தவர் முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை, துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக் கற்றுக்கொண்டு போனார். அவர் அளவுக்குப் பொறுமையாக நம் சாயக்காரர் பக்கத்தில் உட்கார்ந்த உள்ளூர்க்காரர் யார்? அந்தச் சாயக்காரர்களின் பெயர் இரண்டு குறிப்புகளிலிருந்தும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கேட்டவர் பெயர் நிற்கிறது, சொல்லிக்கொடுத்தவர் பெயர் போய்விட்டது.

சரி, தியாகராய நகர். பாண்டி பஜாரையும் ரங்கநாதன் தெருவையும் சுற்றியுள்ள மாடிகளில் ஆரி வேலை வகுப்பு, தஞ்சாவூர் ஓவிய வகுப்பு என்று பலகைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் சீசனுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பேத்தி, பாட்டி வீட்டில் இருக்கும் மூன்று வாரத்தில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணனை முடித்துக்கொண்டு போவாள். பயணி என்றால் வெள்ளைக்காரர் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரின் முக்கியமான பயணி அந்தப் பேத்திதான். அவளுக்குப் பலகை தயாராக இருக்கும், துணி ஒட்டி வெள்ளை பூசி, உருவம் கார்பன் தாளில் எடுத்து வைத்திருக்கும். அவள் கல் பதிப்பாள், தங்க ரேக்கு ஒட்டுவாள். ரேக்கு ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள், அந்தப் பத்து நிமிஷத்தை அவள் மறக்கமாட்டாள். இதைப் பற்றி எனக்குப் பெரிய விமர்சனம் இல்லை. தஞ்சாவூர் ஓவியம் நடுத்தர வீட்டுப் பெண்களின் கையில்தான் இன்று பெருமளவு உயிரோடு இருக்கிறது. கைத்தொழிலை நம்பிக் கலைஞர்கள் பிழைத்ததும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தபோது, நவீன ஓவியம் விற்காத காலத்தில், அவர்களுக்குச் சோறு போட்டதும் நிலத்துக்குப் பணம் சேர்த்ததும் பாத்திக் துணிகள்தான்.

எனக்கு உறுத்துவது வேறொரு இடம். அது இந்த அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

2017ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் சேர்த்தது. நாமெல்லாரும் மார் தட்டிக்கொண்டோம். அதே பட்டியலில் 2023ல் ஹோய் ஆனும் வந்தது, கைவினைக்காக. இசை நகரமான நம் ஊருக்கு மார்கழியில் வரும் பயணி சபாவில் கச்சேரி கேட்கிறார், கேண்டீனில் கீரை வடை சாப்பிடுகிறார், கற்பகாம்பாள் சந்நிதியைப் பார்க்கிறார். மிருதங்கம் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க அவரை யாராவது அழைத்துப் போகிறோமா? மயிலாப்பூர்ச் சந்துகளில்தானே அந்த வேலை நடக்கிறது.

மிருதங்கத்தைப் போல நுணுக்கமான கைத்தொழில் நம் ஊரில் குறைவு. பலாக்கட்டை. வலந்தலைக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் அடுக்கு அடுக்காக. இழுத்துக்கட்ட எருமைத்தோல் வார். நடுவில் அந்தக் கறுப்பு வட்டம், கரணை. ஒருவகைக் கருங்கல்லை இடித்துச் சலித்த பொடியையும் சோற்றையும் குழைத்து, மெல்லிய பூச்சாகப் போட்டு, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து ஏற்ற வேண்டும். ஒரு பூச்சு கூடினால் நாதம் அடைக்கும், குறைந்தால் நிற்காது. செய்பவர் ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிப் பார்த்துக் காதால் அளக்கிறார். கச்சேரி மேடையில் அவர் ஏறுவதில்லை. ஏறுகிறவரின் சுருதி அவர் கையில் இருக்கிறது.

இந்தத் தொழிலைச் செய்பவர்கள் பெரும்பாலும் தலித் குடும்பங்கள், பலர் கிறிஸ்தவர்கள், தஞ்சாவூரிலிருந்து வந்த பரம்பரைகள். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றி ஆயிரம் பக்கம் பேசிய நாம், அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தைப் பற்றி ஒரு பக்கம் பேசவில்லை. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதிய பிறகுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது. 2020 பிப்ரவரியில் அதை வெளியிடக் கலாக்ஷேத்ராவின் அரங்கம் முதலில் கிடைத்தது, பிறகு அனுமதி திரும்பப் பெறப்பட்டது. தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. இதெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான்.

நான் சேர்க்க விரும்புவது ஒன்று. நடுப்படியை வெட்டி எடுப்பதில் நேரமும் வசதியும் மட்டும் காரணமில்லை. சேறு, சாணம், தோல், பால் புளித்த நாற்றம், இவற்றோடு நம் ஊரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தப் படியை யார் தொடுவார்கள் என்று முன்பே வகுத்துவைத்திருக்கிறார்கள். பயணிக்குக் காட்டும்போதும் அந்தப் பகுப்பு அப்படியே வேலை செய்கிறது. சுத்தமான படி மேசைக்கு வரும், மற்றது கொல்லைப்புறத்தில் இருக்கும். ஹோய் ஆனில் மூங்கில் ஊறவைப்பது நேரமாகும் என்பதால் மறைகிறது. நம் ஊரில் தோல் ஊறவைப்பது மறைவதற்குக் காரணம் நேரம் மட்டும்தானா? உங்கள் மனதுக்கே விட்டுவிடுகிறேன்.

எதுவும் மறையாத கைத்தொழில் நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் இதே மயிலாப்பூரில். ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். போய்ப் பாருங்கள். தரையைக் கூட்டி, நீர் தெளித்து, புள்ளி வைத்து, இழை இழுத்து முடிப்பது வரை எல்லாம் தெருவிலேயே நடக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குப் போட்டியாளர் ஒருவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு எப்படி வழிய வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணால் ஒரு நேர்கோடு இழுக்க முடியவில்லை. கோட்டின் கனம் மாறிக்கொண்டே இருந்தது. "பரவாயில்லம்மா, எனக்கே எங்க பாட்டி ஒரு வருஷம் புள்ளி மட்டும்தான் வைக்க விட்டாங்க" என்றார் கோலக்காரப் பெண்மணி. அந்த ஒரு வாக்கியத்தில் பட்டறை நடத்துபவர்கள் கற்க நிறைய இருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1974லேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணிதமாக எழுதிவிட்டார்கள். மாவு விடும் விரலின் இலக்கணத்தை எழுத இன்னும் யாராலும் முடியவில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் இதே வீதியில் களிமண் பிள்ளையார் செய்பவர்களையும் பாருங்கள். பச்சைக் களிமண் குவியல், இரண்டு பாதியாகப் பிரியும் அச்சு. மண்ணை அமுக்கி, அச்சைத் திறந்து, ஓரத்தை விரலால் வழித்து, குன்றிமணியைக் கண்ணாக அமுக்கினால் சாமி தயார். மண் குவியலும் உண்டு, செய்பவரும் உண்டு, வாங்குபவரும் உண்டு, நடுவில் மேசை கிடையாது. நம் பிள்ளைகள் "நான் கண் வைக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கட்டணமில்லாத பட்டறை.

கட்டணம் என்றதும் நினைவு வருகிறது. கைவினைக் கண்காட்சிகளில் கைவினைஞரைக் கடை வாசலில் உட்காரவைத்து வேலை செய்யச் சொல்கிறோம். கூட்டம் சேர்கிறது. ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் தொட்டுப் பார்க்கிறார், மூன்றாமவர் பிள்ளையை மடியில் உட்காரவைத்துவிடுகிறார். கைவினைஞர் சிரித்த முகத்தோடு எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார். அன்றைக்கு அவர் வழக்கமாகச் செய்வதில் பாதிகூடச் செய்திருக்கமாட்டார். மாலையில் அவருக்குக் கிடைப்பது விற்ற பொருளுக்கான காசு. சொல்லிக்கொடுத்ததற்கு? வியட்நாமில் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். பொருளுக்கு ஒரு விலை, கற்பதற்கு ஒரு விலை. அந்தப் பணத்தில் எவ்வளவு மூங்கில் சீவுகிறவருக்குப் போகிறது என்பது வேறு கேள்வி, ஆனால் கற்பித்தல் ஒரு வேலை என்பதையாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாம் இன்னும் அதை டெமோ என்று சொல்லி இலவசமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். வித்தையை விற்கக் கூடாது என்று தத்துவம் வேறு பேசுவோம், பாட்டு வாத்தியாருக்கு மட்டும் மாதாமாதம் சரியாகக் கொடுத்துவிடுவோம்.

எனவே, பட்டறை நடத்தும் நண்பர்கள் சிலர் இந்த அவையில் இருப்பதால், என் வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன். இரண்டு மணி நேரத்தை மூன்றாக்குங்கள். கூடும் அந்த ஒரு மணியில் அழுக்கான ஒரு படியைச் சேருங்கள். பானை என்றால் மண் மிதிக்கட்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கட்டும். கலம்காரி என்றால் கடுக்காய்ப் பால் நீரில் கையை முழங்கை வரை விட்டுத் துணியைப் பிழியட்டும். நாற்றம் இரண்டு நாள் போகாது, அதனால் என்ன? தறி என்றால் நாடாவை நாலு தரம் தள்ளிவிட்டு எழுந்துவிடாமல், அறுந்த ஒரு பாவு இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடட்டும். முடிச்சுப் போட்டவருக்குக் காஞ்சிபுரம் புடவையின் விலையை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும். "எல்லாப் படியையும் காட்டினால் நாளைக்கு வேறொருவர் செய்து விற்பாரே" என்று ஒரு சாயக்காரர் என்னிடமே கேட்டார். போல்யூவின் கதையைச் சொல்லிவிட்டு அவர் பயத்தை மறுக்க எனக்கு வாயில்லை. மறைக்க அவருக்கு உரிமை உண்டு. எந்தப் படியைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதைப் பட்டறை நடத்துபவரோ சுற்றுலாத் துறையோ முடிவு செய்யக்கூடாது, செய்பவர் முடிவு செய்யட்டும். மண் மிதிப்பதைக் காட்டிவிட்டு மண்ணில் என்ன கலந்தேன் என்பதைச் சொல்லாமல் இருக்கலாம். அது அவர் சொத்து. சுத்தமாக இல்லை, பார்க்க நன்றாக இல்லை என்று நாம் மறைப்பது வேறு, என் தொழில் என்று அவர் மறைப்பது வேறு.

மிருதங்கம் செய்யும் இடத்துக்குப் பயணிகளை அழைத்துப் போவது பற்றியும் இதையே சொல்வேன். முதலில் அவர்களிடம் கேளுங்கள். வரலாம் என்றால் எந்தக் கிழமை, எத்தனை பேர், என்ன கட்டணம் என்பதை அவர்களே சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். வரலாம் என்று சொன்னால் முதல் குழுவில் நம் சபாச் செயலாளர்களை அனுப்பலாம் என்பது என் யோசனை. அவர்களும் இதுவரை பார்த்திருக்கமாட்டார்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசலில் கேட்ட பெரியவர் மூன்றாவது வரிசையில் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், முதல் கேள்வி அவருடையது.